ஒன்றாம் தேதியா, தொண்ணூறாவது நாளா?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோவையில் பம்புசெட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் பணிபுரியும் முப்பத்தெட்டு வயது நண்பர் ஒருவர், தம் சம்பளச் சீட்டையும் தாமே தட்டச்சு செய்த ஒரு கொட்டேஷனையும் எடுத்துக்கொண்டு கணபதி பகுதியிலுள்ள என் அறைக்கு வந்தார். சீட்டில் மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்றிருந்தது. அதில் அடிப்படைச் சம்பளம் 30,000. கொட்டேஷனில், வார்ப்பட ஆலை ஒன்றுக்கு வரைபடங்கள் தயாரித்துக் கொடுக்க நாளொன்றுக்கு 2,500 ரூபாய் என்று எழுதியிருந்தார். வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொடங்கலாமா என்பதே கேள்வி. மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 2,500 என்றால் 65,000 வரும். இப்போது வாங்குவதைவிட ஐயாயிரம் கூடுதல், மேலாளர் முகத்தில் விழிக்க வேண்டியதும் இல்லை என்பது அவர் போட்டிருந்த கணக்கு.

நானும் ஒரு காலத்தில் இதே கணக்கைப் போட்டவன்தான். ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 13 ஆண்டுகள் இருந்துவிட்டு 2017இல் வெளியே வந்து, சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவதையும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதையும் தொழிலாகக் கொண்டேன். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது. அதுவரை துண்டுச் சீட்டில் கணக்கு வைத்திருந்த பட்டறைக்காரர்களெல்லாம் ஆள் தேடி அலைந்த நேரம் அது. என் திறமையைவிடக் காலம் செய்த உதவியே பெரிது என்பதால், என் கதையை எவருக்கும் முன்மாதிரியாகச் சொல்வதில்லை. ஆனால் வேலையை விட்டு வந்தவர்கள் பலருடைய வங்கிக் கணக்கையும், அவர்களுக்கு வரவேண்டிய பாக்கியையும் மாதாமாதம் பார்த்து வருகிறேன். சம்பளமும் தொழில் வருமானமும் தொகையில் வேறுபடுவதைவிடத் தேதியில்தான் அதிகம் வேறுபடுகின்றன என்பது அந்தப் பேரேடுகளிலிருந்து நான் தெரிந்துகொண்டது. சம்பளக்காரருக்கு ஒன்றாம் தேதி என்று ஒரு நாள் உண்டு. தொழில் செய்பவருக்கு அந்த நாளை அவருடைய பார்ட்டி, அதாவது வேலை கொடுக்கும் வாடிக்கையாளர், முடிவு செய்கிறார்.

நண்பருக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன. இருக்கிற வேலையிலேயே தொடர்வது. வேலையில் இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் வெளி வேலை எடுத்துப் பார்ப்பது. ராஜினாமா செய்துவிட்டு, கையிலுள்ள கணினியையும் அனுபவத்தையும் மட்டும் முதலாக வைத்து ஆலோசகராக வேலை செய்வது. கடன் வாங்கி இயந்திரம் போட்டு, மற்ற நிறுவனங்களுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறை தொடங்குவது. கடைசி இரண்டையும் சொந்தத் தொழில் என்று ஒரே பெயரில் அழைப்பது வழக்கமானாலும், கணக்கெழுதுபவனின் கண்ணுக்கு அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வாழ்க்கைகள்.

முதலில் அந்த 60,000 உண்மையில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் முழுவதற்கும் வருங்கால வைப்பு நிதி கட்டும் நிறுவனமென்றால், தொழிலாளியிடம் பிடிக்கும் 12 விழுக்காட்டுக்கு ஈடாக நிறுவனமும் மாதம் 3,600 ரூபாய் போடுகிறது. 15,000 ரூபாய் உச்சவரம்போடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களில் இது 1,800தான். ஆகவே சீட்டைப் பார்க்காமல் பேசக் கூடாது. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்; அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 12 மாதத்துக்குப் பிரித்தால் ஏறத்தாழ 1,440 ரூபாய் வரும். குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டை வெளியே வாங்கினால் ஆண்டுக்கு 30,000 ஆகும் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,500. தீபாவளிக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைப் போனஸாகத் தருவது அவர் நிறுவனத்தின் வழக்கம். அதுவும் மாதத்துக்கு 2,500. எல்லாம் சேர்த்தால் அவர் வாங்கும் சம்பளம் 60,000 இல்லை, 70,000.

தனியாக வந்த பிறகு, இதுவரை நிறுவனம் ஏற்றுக்கொண்ட செலவுகள் அவர் தலையில் விழும். ஒரு சிறிய அறைக்கு வாடகை 8,000, மின்சாரமும் இணையமும் 2,000, மென்பொருள் உரிமமும் கணினித் தேய்மானமும் 3,000, பீளமேட்டுக்கும் அரசூருக்கும் அலையப் பெட்ரோல் 3,000 என்று நானும் அவரும் உட்கார்ந்து எழுதியதில் 16,000 ஆயிற்று. வீட்டு முன்னறையிலேயே நடத்தினால் வாடகை மிச்சம் என்றார். ஆறு மாதத்தில் அந்த முன்னறையில் மாமியாரின் கட்டிலா உங்கள் மேசையா என்ற கேள்வி வரும் என்றேன்; சிரித்துவிட்டு வாடகையை அப்படியே விட்டார். ஆக, இன்று இருக்கும் நிலையிலேயே அவர் நிற்க மாதம் 86,000 ஈட்ட வேண்டும்.

அதை 26 நாளால் வகுப்பதுதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. அலுவலகத்தில் பில் போடும் வேலையை ஒருவர் செய்கிறார், பணம் கேட்டு அலையும் வேலையை இன்னொருவர் செய்கிறார், கணினி பழுதானால் மூன்றாமவர் ஓடி வருகிறார். தனியாக வந்தபின் இவை அனைத்தும் ஒரே ஆளின் நாட்களைத் தின்கின்றன. கொட்டேஷன் கொடுக்கப் போய் வருவது, ஒருமுறை போட்ட வரைபடத்தைக் காசில்லாமல் திருத்திக் கொடுப்பது, காய்ச்சலில் படுப்பது, உறவினர் கல்யாணத்துக்குப் போவது ஆகியவற்றைக் கழித்தால், காசாகும் நாட்கள் மாதத்துக்கு 17 கிடைத்தாலே நல்ல மாதம். தமிழ்நாட்டுச் சட்டப்படி தொழில் நிறுவனங்கள் தர வேண்டிய ஒன்பது தேசிய, பண்டிகை விடுமுறைகள்கூட இனி அவர் சொந்தச் செலவில் எடுப்பவைதான். 86,000ஐ 17ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 5,060 வருகிறது. அவர் எழுதியிருந்த 2,500 அதில் பாதிகூட இல்லை.

விலையை இரட்டிப்பாக்கினால் வேலை கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காவிட்டால், அந்த வேலை வெளியிலிருந்து செய்யத் தகுந்ததன்று என்பதை ராஜினாமாவுக்கு முன்பே தெரிந்துகொண்ட லாபமாவது மிஞ்சும் என்றேன். குறைந்த விலைக்குத் தொடங்கிப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்பது எல்லோரும் சொல்லிக்கொள்ளும் சமாதானம். ஆனால் கோவையில் ஒரு பட்டறையில் ஒருமுறை ஒத்துக்கொண்ட விலை, பிறகு வருகிற பேச்சுகளுக்கெல்லாம் கூரையாகிவிடுகிறது. அதற்கு மேலே ஒரு நூறு ரூபாய் ஏற்றுவதற்குள் இரண்டு தீபாவளி போய்விடும்.

இனித் தேதிக்கு வருவோம். ஒரு லட்ச ரூபாய்க்கு வேலையை முடித்து மாதக் கடைசியில் பில் போட்டதாக வைத்துக்கொள்வோம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்றாலும், அந்தப் பதிவு எண் இல்லாத ஒருவரை வெண்டார் பட்டியலில் சேர்க்க மாட்டோம் என்று கொள்முதல் பிரிவில் சொல்வது நடைமுறை. அதனால் அவர் பதிவு செய்துகொள்கிறார். பில் 1,18,000 ஆகிறது. அந்த 18,000ஐ, பணம் வந்தாலும் வராவிட்டாலும், மாதந்தோறும் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டிவிட வேண்டும். கழித்துக்கொள்ளப் பெரிய கொள்முதல் இல்லாத தொழில் என்பதால் அது ஏறக்குறைய முழுவதும் கைக்காசு. தொண்ணூறு நாள் கழித்துப் பார்ட்டி பணம் போடும்போது, தொழில்முறைச் சேவைக்கான 10 விழுக்காட்டு வரிப் பிடித்தம் போக 1,08,000 வருகிறது. பிடித்த 10,000 அவருடைய பணம்தான். ஆனால் ஆண்டு முடிந்து கணக்குத் தாக்கல் செய்து, ரீஃபண்ட் வரும்வரை அது அரசிடம் இருக்கும். தொண்ணூறு நாள் என்று நான் சொல்வது ஒழுங்கான பார்ட்டியை. மற்றவர்களிடம் போன் செய்தால், "செக் ரெடியா இருக்குதுங்க, எம்.டி. ஊருல இல்லீங்க, வர்ற வெள்ளிக்கிழமை பாத்துக்கலாமுங்க" என்று அத்தனை மரியாதையோடு பதில் வரும், எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்பதுதான் மரியாதைக் குறைவாகிவிடும்.

இந்த இடைவெளியை நண்பரின் வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்த்தோம். வீட்டுக் கடன் தவணை உட்பட மாதச் செலவு 45,000, தொழில் செலவு 16,000, ஆக 61,000. முதல் மாத வேலைக்கு மாதக் கடைசியில் பில் போட்டு, அதற்குத் தொண்ணூறு நாள் என்றால், முதல் ரூபாய் நான்காம் மாதக் கடைசியில்தான் வரும். நான்கு மாதத்துக்கு 2,44,000. அதற்கிடையில் மாதம் 86,000 வீதம் போட்ட மூன்று பில்களுக்கான ஜிஎஸ்டி ஏறத்தாழ 46,000. இரண்டும் சேர்ந்து 2,90,000 ரூபாய். முதல் நாளிலிருந்தே 17 நாளும் நிறைய வேலை இருந்தால் என்ற நிபந்தனையோடு வரும் தொகை இது. வேலை மெதுவாகச் சேர்ந்தால் இதன் இரண்டு மடங்கு தேவைப்படும். வேலையை விட்டு வந்தவர்களில் திரும்பிப் போனவர்களை எண்ணிப் பார்க்கிறேன். வேலை கிடைக்காமல் போனவர்கள் குறைவு. வேலை நிறைய இருந்தும், வரவேண்டிய பாக்கி நான்கு லட்சம் பேரேட்டில் இருந்தும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்க நேர்ந்து திரும்பிப் போனவர்களே அதிகம்.

சட்டம் துணைக்கு வராதா என்று கேட்கலாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, குறு மற்றும் சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதை 45 நாளுக்குள் தரச் சொல்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி உண்டு. காலத்தில் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் ஒரு முடிச்சைப் போட்டிருக்கிறது. இந்தச் சட்டத்தின்கீழ் சிறு நிறுவனமாகப் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பதிவைக் கட்டாயம் செய்துகொள்ளத்தான் வேண்டும். மார்ச் மாதத்தில், பார்ட்டியின் ஆடிட்டரே பாக்கியைத் தீர்க்கச் சொல்லும் அளவுக்கு அந்த முடிச்சு வேலை செய்கிறது. ஆனால் புகார்த் தளத்தில் போய் மனுப் போட்டவர் என் பட்டியலில் ஒருவர்தான். அவரும் அந்தப் பார்ட்டியோடு இனித் தொழில் இல்லை என்று முடிவானபின் போட்டார். அடுத்த ஆர்டரைத் தர வேண்டியவர் மீதே புகார் கொடுக்கச் சொல்லும் சட்டத்தை, அடுத்த ஆர்டர் தேவைப்படுகிற எவரும் எளிதில் பயன்படுத்துவதில்லை.

ஆலோசகராக வருவதற்கு ஓர் எளிய வடிவம் உண்டு: பழைய நிறுவனத்திடமே மாதக் கட்டணத்துக்கு அதே வேலையைச் செய்வது. முதல் மாதத்திலிருந்தே வரவு நிச்சயம் என்பதால் பலருக்கு இது படகிலிருந்து கரைக்குப் போடும் பலகைபோல் உதவியிருக்கிறது. ஆனால் வேறு பார்ட்டி எதுவும் சேராமல் இரண்டு ஆண்டு அப்படியே ஓடினால், அவர் சுயதொழில் செய்பவரல்லர்; வைப்பு நிதியும் பணிக்கொடையும் விடுப்பும் இல்லாத ஊழியர். அந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம் என்பதைப் புரிந்துகொள்ளக் கணக்குப் படிப்பு தேவையில்லை. ஆகவே இந்த வழியில் வருபவர்களிடம், பழைய நிறுவனத்துக்கு வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்கிறேன்.

வரி மிச்சமாகும் என்பது இந்த வழியைப் பற்றி அடிக்கடி கேட்கும் வாதம். அதில் உண்மை உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. பொறியியல், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களில் இருப்போர், 44ஏடிஏ என்று பழகிப்போன பிரிவின்படி, ஆண்டு வரவு 50 லட்சம்வரை (ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்வரை) அதில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். செலவுச் சீட்டுகளைச் சேர்த்து வைக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு 24 லட்சம் வரவு உள்ளவர் 12 லட்சத்தைக் காட்டினால், 2025-26 முதல் நடப்பிலுள்ள புதிய வரிமுறையில் அவருக்கு வரியே இல்லை. அதே 24 லட்சத்தைச் சம்பளமாக வாங்குபவர் நிலைக்கழிவு 75,000 போகச் செஸ்ஸோடு 2,92,500 ரூபாய் கட்டுகிறார். வேறுபாடு பெரிதுதான். ஆனால் நண்பரின் ஆண்டுச் சம்பளம் 7,20,000. சம்பளக்காரருக்கே 12,75,000 வரை புதிய முறையில் வரி இல்லை என்றானபின், அந்த எல்லைக்குக் கீழே இருப்பவர் வரியை ஒரு காரணமாகச் சொல்லி வேலையை விடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பாதி வருமானம் காட்டுகிறவர் வீட்டுக் கடனுக்குப் போகும்போது, வங்கி மேலாளர் கண்ணில் படுவது அந்தப் பாதிதான். வரி கட்டும்போது சிறியவராகவும் கடன் கேட்கும்போது பெரியவராகவும் தெரிய வேண்டும் என்று என்னிடம் கேட்காத பார்ட்டியே கிடையாது.

இயந்திரம் போடுவது வேறு கதை. 20 லட்ச ரூபாயை 11 விழுக்காட்டு வட்டிக்கு ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 43,500. அதற்கும் ஒரு தேதி உண்டு, அதைத் தள்ளிப்போட முடியாது. பட்டறையில் இரண்டு பேரை வைத்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி கொடுத்தாக வேண்டும். அதாவது வரவுக்குத் தேதி இல்லாமல், செலவு முழுவதற்கும் தேதி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் திட்ட மதிப்பில் 25 விழுக்காடு மானியம் உண்டு. மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35 விழுக்காடு கிடைக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தால் இரண்டையும் விளக்குவார்கள். ஆனால் மானியம் கையில் வரும் காசு என்று நினைத்துக்கொண்டு திட்டம் போடுபவர்கள் ஏமாறுகிறார்கள். மத்தியத் திட்டத்தில் அந்தத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக நின்று, அதன் பிறகே கடனில் கழிகிறது. முதல் ஆண்டின் சனிக்கிழமைகளுக்கு அது உதவாது. நண்பரிடம் நான் இந்த வழியை ஒரே வாக்கியத்தில் ஒதுக்கச் சொன்னேன். வரைபடம் போடத் தெரிந்தவருக்கு வரைபடம் போதும். இயந்திரம் வாங்கினால் அவர் ஆளைத் தேடும் முதலாளியாகிவிடுவார், அது அவருக்குத் தெரியாத தொழில். உலோகம் வெட்டுகிற வேலையிலேயே ஊறியவர்கள், ஒரு பெரிய பார்ட்டியின் எழுத்துமூல ஆர்டரோடு இதில் இறங்கி நன்றாக வந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன் என்பதால், எல்லோருக்கும் இதையே சொல்ல மாட்டேன்.

வேலையில் இருந்துகொண்டே வெளி வேலை எடுப்பது பாதுகாப்பான வழிபோல் தோன்றும். பணி நியமனக் கடிதத்தை முதலில் எடுத்துப் படிக்க வேண்டும். வேலையை விட்டபிறகு அதே துறையில் தொழில் செய்யக் கூடாது என்று போட்டிருக்கும் நிபந்தனை, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் வேலையில் இருக்கும்போதே வெளியே வேலை செய்யக் கூடாது என்பது செல்லும். நிறுவனத்தின் வரைபடக் கோப்பில் ஒன்றை எடுத்து வெளியே பயன்படுத்தினால், பிரிவு எதுவும் காப்பாற்றாது. ஆகவே அவர் நிறுவனத்துக்குப் போட்டியில்லாத துறையில், ஞாயிற்றுக்கிழமைகளில், மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்யலாம். அதில் வருகிற காசு பெரிதாக இருக்காது. வேலையை முடித்துக் கொடுத்து, பில் போட்டு, பணம் வந்து சேரும்வரை எத்தனை நாளாயிற்று, எத்தனை முறை கேட்க வேண்டியிருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அந்த நோட்டு எந்த ஆலோசகரும் சொல்ல முடியாததைச் சொல்லும். நன்றாக வேலை செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கொடுத்த வேலைக்குக் காசு கேட்கக் கூச்சப்படாதவர்கள் அவர்களில் பாதிப் பேர்கூட இல்லை.

வெளியேறுவது என்று முடிவானாலும், எந்த மாதத்தில் என்பது தனிக் கேள்வி. நண்பர் இந்த நிறுவனத்தில் சேர்ந்து நான்கு ஆண்டு ஏழு மாதம் ஆகிறது. நிரந்தரப் பணியாளர் பணிக்கொடை பெற ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும். ஐந்தாண்டுக்கு அவருக்கு 30,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் 5ஆலும் பெருக்கினால் 86,538 ரூபாய். ஐந்தாவது ஆண்டில் 240 நாள் பணி செய்திருந்தாலே தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதை அவரும் எங்கோ படித்திருந்தார். அந்தத் தீர்ப்பைக் காட்டி நிறுவனத்தோடு வாதாடுவதைவிட ஐந்து மாதம் காத்திருப்பது மலிவு. வைப்பு நிதியைப் பொறுத்தவரை, முந்தைய நிறுவனத்தின் எட்டு ஆண்டுக் கணக்கை இங்கே மாற்றியிருப்பதால் ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்தாண்டை அவர் ஏற்கெனவே கடந்துவிட்டார். 15,000 ரூபாய் உச்சவரம்பில் 13 ஆண்டுக்கு 58 வயதில் வருவது மாதம் ஏறத்தாழ 2,786 ரூபாய்தான் என்பது வேறு விஷயம். அதற்காக அந்த நிதியை எடுத்துத் தொழிலில் போடுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை. பார்ட்டியின் பாக்கிக்கு ஓய்வுக்காலச் சேமிப்பை ஈடு வைப்பதற்கு ஒப்பானது அது.

மருத்துவக் காப்பீடு இதைவிட அவசரமானது. நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிகிறது. புதிதாகத் தனிக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்க நேரலாம். நண்பரின் தாயாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. எனவே குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிக் காப்பீட்டுக்கு மாறிக்கொள்ளும் வசதியை, ராஜினாமாவுக்கு முன்பே விசாரித்து எழுத்தில் கேட்கச் சொன்னேன். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு இழப்பு இன்னும் கூடுதல், சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் குடும்பத்தோடு பெறும் சிகிச்சைக்கு ஈடான காப்பீட்டை, அந்தச் சம்பளத்தில் வெளியே வாங்க முடியாது. வீட்டுக் கடனைக் கூட்டுவதோ வேறு வங்கிக்கு மாற்றுவதோ எண்ணத்தில் இருந்தால், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். தொழில் செய்பவரிடம் இரண்டு மூன்று ஆண்டு வருமான வரித் தாக்கல் இல்லாமல் வங்கிகள் பேச்சையே தொடங்குவதில்லை.

வேலையில் தொடர்வதைப் பற்றி நான் இதுவரை குறைவாகச் சொன்னதற்குக் காரணம், அதன் நன்மைகளெல்லாம் மற்ற வழிகளின் குறைகளாக மேலே வந்துவிட்டன என்பதே. கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மெண்ட் உத்தியோகம் என்று சொன்ன தலைமுறைக்கு அந்தத் தேதியின் அருமை தெரிந்திருந்தது. தனியார் வேலையில் அந்தத் தேதி அத்தனை உறுதியில்லை என்பதை 2020 ஊரடங்கில் கண்டோம். பாதிச் சம்பளம் வாங்கியவர்களும், சம்பளமே இல்லாமல் வீட்டில் இருந்தவர்களும் இந்த ஊரில் ஏராளம். ஒரே பார்ட்டியை நம்பியிருக்கும் தொழில் என்று பார்த்தால், சம்பளக்காரரும் ஒரே பார்ட்டியைத்தான் நம்பியிருக்கிறார். ஐந்து பார்ட்டிகளை நிலையாகப் பிடித்துவிட்ட ஆலோசகர், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சம்பளக்காரரைவிடப் பத்திரமான இடத்தில் நிற்கிறார் என்பது என் எண்ணம். அங்கே போய்ச் சேர்வதற்குள் வரும் முதல் பதினெட்டு மாதங்களைக் கடப்பதுதான் சிக்கல். வீட்டில் இன்னொரு சம்பளம் வருமானால் மேலே போட்ட கணக்குகள் எல்லாமே இளகிவிடும். நூற்பாலையை விட்டு நான் வந்தபோது என் மனைவி ஆசிரியை வேலையில் இருந்தார். என் துணிச்சல் என்று உறவினர்கள் சொன்னதில் பெரும்பங்கு அவருடைய ஒன்றாம் தேதி. நண்பரின் வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான்.

ஆகவே, இன்றே ராஜினாமா வேண்டாம், என்றென்றைக்கும் வேலையிலேயே இருக்கவும் வேண்டாம் என்பது அவருக்கு நான் சொன்னது. பணிக்கொடைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் மூன்று லட்சத்தைத் தனிக் கணக்கில் சேர்ப்பது, காப்பீட்டை மாற்றிக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை வேலையில் ஒரு பில்லாவது போட்டுப் பணம் வாங்கிப் பார்ப்பது. அதன் பிறகு ஆலோசகராக வரலாம், பழைய நிறுவனத்துக்கு வாரம் இரண்டு நாள் என்ற பேச்சோடு. வார்ப்பட ஆலைக்காரர் அத்தனை நாள் காத்திருக்க மாட்டார், அடுத்த மாதமே தொடங்கச் சொல்கிறார் என்று அவர் தயங்கினார். அப்படியானால் அவருக்கு உங்கள் அவசரத்தைவிட அதிகமான அவசரம் இருக்கிறது, அதற்கு ஒரு விலை உண்டு என்றேன்.

அன்று மாலையே, நாளுக்கு 2,500 என்றிருந்த கொட்டேஷனைக் கிழித்துவிட்டு, நாளுக்கு 5,000, ஆர்டரோடு 30 விழுக்காடு முன்பணம், மீதி பில் தேதியிலிருந்து 45 நாளுக்குள் என்று புதிதாக எழுதி அனுப்பினார். முன்பணம் வங்கியில் ஏறினால் ராஜினாமாவை ஐந்து மாதம் தள்ளிப்போடுவதைப் பற்றி மறுபடியும் பேசலாம் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். இதை எழுதும்வரை ஆலையிலிருந்து பதில் வரவில்லை. நேற்றுப் போன் செய்தபோது, முதலாளி வெளியூர் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வந்துவிடுவார் என்று சொன்னார்களாம்.